ஒரே ஷீட், 38 பிள்ளைகள்: வகுப்பில் கூட்டாக எழுத வைப்பது எப்படி

முதல் நாள் கூத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. எட்டாம் வகுப்பு, 38 பிள்ளைகள். ஹைடெக் லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று நெருக்கி உட்கார வைத்து, ஒரே கூகுள் டாக்ஸ் பக்கத்தின் லிங்க்கைக் கொடுத்து, "எல்லாரும் இதுலயே எழுதுங்க" என்று பெருமையாகச் சொன்னேன். நாலு நிமிஷம் ஆகியிருக்காது, பக்கம் வெள்ளையாகிவிட்டது. யாரோ மொத்தத்தையும் செலக்ட் செய்து டெலீட்டை அமுக்கிவிட்டார்கள். "நான் இல்ல மிஸ்", "இவன்தான் மிஸ் என் எடத்துல வந்து கைய வெச்சான்", "இன்னாடா நானு, நீதான்டா" என்று லேபே காசிமேட்டு மீன் ஏலம் மாதிரி ஆகிவிட்டது. மணி அடித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதை முதலில் சொல்கிறேன், இது தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். கூகுள் டாக்ஸ் (எழுதும் பக்கம்), ஷீட்ஸ் (கட்டம் போட்ட அட்டவணை), ஸ்லைட்ஸ் (பக்கம் பக்கமாக ஓடும் படக்காட்சி) மூன்றிலும் அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியும். கம்ப்யூட்டரில் ஃபைல் மெனுவுக்குள் போய் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால், எந்த நேரத்தில் எந்தக் கணக்கிலிருந்து என்ன மாறியது என்று வலது பக்கம் வரிசையாக வரும். அழிவதற்கு முந்தைய நேரத்தைத் தொட்டு ரீஸ்டோர் கொடுத்தால் பழைய பக்கம் அப்படியே வந்து நிற்கும். ஷீட்ஸில் ஒரு கட்டத்தில் மட்டும் சந்தேகம் என்றால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஷோ எடிட் ஹிஸ்டரியைப் பார்த்தால் போதும், முன்பு அதில் என்ன இருந்தது என்று காட்டிவிடும். இதைப் பிள்ளைகள் முன்னாலேயே, முதல் வகுப்பின் முதல் பத்து நிமிஷத்தில் செய்துகாட்டுங்கள். வகுப்பிலேயே பெரிய வாலைக் கூப்பிட்டு, "வாடா கண்ணு, எல்லாத்தையும் அழி" என்று சொல்லி, அவன் அழித்ததும் நீங்கள் திரும்பக் கொண்டுவாருங்கள். அழிப்பதில் இருக்கும் ஜாலி அத்தோடு தீர்ந்துவிடும். நான் அடுத்த முறை அப்படித்தான் செய்தேன், அதற்குப் பிறகு யாரும் வேண்டுமென்று அழித்ததில்லை, தெரியாமல் அழித்தது மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது.

வடசென்னையில் ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் பள்ளியில் பாடம் எடுப்பவர்களையும், சாயங்காலம் தெருவில் டியூஷன் நடத்தும் அக்கா, அண்ணன்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடித்து வந்தால்தான் கைக்கு வரும் என்ற கணக்கில்தான் எல்லாம். ஆளுக்கொரு டேப்லெட் இருக்கும் பள்ளிக்கு இதில் பாதி தேவைப்படாது.

வேலையை முதலில் பிடியுங்கள், ஆப்பை அப்புறம் பார்க்கலாம்

எந்த ஆப் நல்லது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் ஆப்பாக மாற்றிக்கொண்டிருந்தேன். சிக்கல் ஆப்பில் இல்லை. "சோழர் ஆட்சி பற்றி ஆறு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுங்கள்" என்று கொடுத்தால் என்ன ஆகும்? நன்றாகப் படிக்கும் ஒரு பெண் முழுவதையும் எழுதுவாள், மற்ற ஐந்து பேர் கீழே பெயர் போடுவார்கள், ஒருவன் எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு "நானும் வேலை செஞ்சேன் மிஸ்" என்பான். அந்த வேலையை ஒரே ஆளால் முடிக்க முடியும், அதனால் ஒரே ஆள் முடிக்கிறாள். எந்த ஆப்பில் கொடுத்தாலும் இதேதான் நடக்கும். ஆகவே வேலையைத் தேடும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை தனியாக உட்கார்ந்து இதை முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அதைக் கூட்டு வேலையாகக் கொடுக்காதீர்கள், நோட்டிலேயே எழுதட்டும்.

எங்களுக்கு முதன்முதலில் கைகொடுத்தது கடற்காற்று. பாடத்தில் நிலக்காற்று, கடற்காற்று வருகிறது, படம் இருக்கிறது, பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும், அதனால் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும் என்று மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் காசிமேட்டில் இருக்கும் பிள்ளைக்கும் கொடுங்கையூரில் இருக்கும் பிள்ளைக்கும் காற்று ஒரே நேரத்திலா வருகிறது? மார்ச் மாதத்தில் மூன்று சனி, ஞாயிறு எடுத்துக்கொண்டோம். காலை பத்து மணியிலிருந்து மொட்டை மாடியிலோ வாசலிலோ கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்க வேண்டும், கிழக்கிலிருந்து காற்று அடித்து மேற்கே பறக்க ஆரம்பித்த நேரத்தை ஷீட்டில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. போன் கூட அந்த நேரத்தில் வேண்டாம், நேரத்தைக் காகிதத்தில் குறித்துவைத்து ராத்திரி ஏற்றினால் போதும்.

இதில் யாரும் யாருக்குப் பதிலாகவும் எழுத முடியாது, ஏனென்றால் அவரவர் வீடு அவரவருக்குத்தான். படிப்பில் பின்தங்கிய பையன் மூலக்கடையில் இருக்கிறான் என்றால் மூலக்கடை அவன் கையில்தான் இருக்கிறது. அவன் எழுதாவிட்டால் ஷீட்டில் அந்த இடம் காலி. "டேய், உன் எடத்த போடுடா, நம்ம கோடு அறுந்து நிக்குது" என்று அவனை மற்றவர்கள் துரத்துவதை நான் பார்த்தேன், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்ற வரிசையில் ஷீட்டை அடுக்கினால் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போவது தெரியும். நடுவில் ஒன்றிரண்டு முன்னப்பின்ன இருக்கும், அதுவும் நல்லதுக்குத்தான், பக்கத்தில் உயரமான கட்டடம் இருக்கிறதா, துணி ஈரமாகக் கனத்துத் தொங்கியதா, கடிகாரம் தப்பா என்று அவர்களே துப்பறிவார்கள்.

தமிழ்ப் பாடத்துக்கு அப்படி ஒன்று வேண்டுமென்றால் நம்ம ஏரியாவின் சொற்களைச் சேகரிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு மூன்று சொல், வீட்டில் பெரியவர்கள் யாராவது சொன்னதாக இருக்க வேண்டும், யார் சொன்னார், எந்தச் சமயத்தில் சொன்னார் என்றும் எழுத வேண்டும். நாஸ்தா, பேஜார், குஜால், ஜல்தி, துட்டு என்று வந்து விழும். துட்டு டச்சுக்காரர்களின் நாணயப் பெயரிலிருந்து வந்தது, நாஸ்தாவும் பேஜாரும் உருது வழியாக வந்தவை, அத்தோ என்ற நூடுல்ஸ் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களோடு வந்தது என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு நிமிர்வு வருகிறது பாருங்கள், அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. "நம்ம பேசறது தப்புத் தமிழ் இல்லியா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். பாட்டி சொன்ன "எம்டன்" என்ற சொல்லையும் அவள்தான் கொண்டுவந்தாள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதற்கும் பக்கத்து வீட்டுத் தாத்தாவை "எம்டன்" என்று திட்டுவதற்கும் உள்ள தொடர்பில் ஒரு பீரியடே போனது.

போன் யாருடையது?

வேலை கிடைத்துவிட்டது என்றால் அடுத்தது போன். லிங்க் அனுப்பும் முன் வகுப்பில் காகிதத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: வீட்டில் போன் யாருடையது, எத்தனை மணிக்குக் கைக்கு வரும், அதை இன்னும் எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள். என் வகுப்பில் பெரும்பாலும் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பதரைக்குள்தான். ஆகவே ஒரே நேரத்தில் எல்லாரும் ஷீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள், நேரடியாகச் சேர்ந்து எழுதுவது லேபில் மட்டும், வீட்டில் அவரவர் நேரத்துக்கு. கெடு வைத்தாலும் ஒரே ராத்திரியாக வைக்காமல் மூன்று நாள் கொடுங்கள், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கட்டும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்வதில்லை. போனில் ஷீட்ஸிலோ டாக்ஸிலோ எழுத அந்த ஆப் இருக்க வேண்டும், அதற்குக் கூகுள் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கும், சில வீட்டில் போன் வாங்கிய கடைக்காரர் அவசரத்தில் கடைப் பெயரிலேயே போட்டுக்கொடுத்திருப்பார். என் ஷீட்டில் யார் மாற்றினார்கள் என்று பார்த்தால் ஒரு மொபைல் கடை இரண்டு பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைச் செய்திருந்தது! லேபில் யாரும் உள்நுழையாமல் லிங்க்கைத் திறந்தால் அனானிமஸ் கேப்பிபாரா, அனானிமஸ் ஆக்சலாட்டில் என்று மிருகப் பெயர்தான் வரும், அது என்ன மிருகம் என்று தேடுவதில் பத்து நிமிஷம் போகும், போகட்டும். அதனால் ஷீட்டின் முதல் பத்தியில் (மேலிருந்து கீழாக ஓடும் கட்ட வரிசை) பெயரும் வருகை எண்ணும் அவர்களே எழுத வேண்டும் என்று வைத்துவிடுங்கள். 13 வயது ஆகாத பிள்ளைக்கு அவசரத்தில் பொய்ப் பிறந்த தேதி போட்டுக் கணக்கு தொடங்கிக் கொடுக்காதீர்கள். பள்ளி கொடுக்கும் கணக்கு இருந்தால் அது, இல்லாவிட்டால் பெற்றோர் கணக்கே போதும்.

போனே இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள், என் வகுப்பில் ஐந்து பேர். அவர்களை "நீ யாருகூடயாவது சேந்துக்கோ" என்று தள்ளிவிட்டால் அவர்கள் அந்த வேலையிலிருந்தே விலகிவிடுவார்கள். நான் செய்வது: சேகரிப்பதும் காகிதத்தில் குறிப்பதும் அவர்கள், மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் அவர்களே வந்து ஏற்றுவார்கள். கொஞ்ச நாளில் போன் இருக்கும் பிள்ளைகளும் அந்த நேரத்துக்கு வந்து நிற்க ஆரம்பித்தார்கள், பெரிய ஸ்கிரீனில் ஷீட்டை முழுசாகப் பார்க்க முடிகிறதாம்.

பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். "போன குடுத்தா ரீல்ஸ்தான் பாக்குது மிஸ்" என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "பதினஞ்சு நிமிஷம்தாம்மா, நீங்க பக்கத்துலயே உக்காருங்க, என்ன எழுதுதுன்னு பாருங்க" என்றேன். அவர் உட்கார்ந்து பார்த்து, மகள் எழுதிய சொல்லுக்கு "அது அப்டி இல்லடி" என்று அர்த்தம் திருத்தியதெல்லாம் அப்புறம் நடந்தது.

ஷீட்டைப் போடும் விதம்

முதல் முறை என்றால் டாக்ஸ் வேண்டாம், ஸ்லைட்ஸில் தொடங்குங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு ஸ்லைடு, மேலே பெயரை நீங்களே எழுதிவைத்துவிடுங்கள். தனக்கென்று ஒரு பக்கம் இருப்பதால் அடிதடி குறையும், அதே சமயம் அடுத்தவன் என்ன செய்கிறான் என்றும் தெரியும். ஸ்லைடைத் தனித்தனியாகப் பூட்ட முடியாது, அதனால் "அடுத்தவன் ஸ்லைடில் படிக்கலாம், கமென்ட் போடலாம், கைவைக்கக் கூடாது" என்ற ஒரே விதியை போர்டில் எழுதிவையுங்கள்.

இரண்டாவது முறை ஷீட்ஸ். இதில் பூட்டு உண்டு. டேட்டா மெனுவில் புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ் என்று இருக்கும், அதில் தலைப்பு வரிசையை உங்களைத் தவிர யாரும் மாற்ற முடியாதபடி வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு அன்றைய வரிசைகளையும் பூட்டிவிட்டால் நேற்று எழுதியது பத்திரம். நாள், ஏரியா மாதிரி திரும்பத் திரும்ப வருவதற்கெல்லாம் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வையுங்கள், இன்சர்ட் மெனுவில் டிராப்டவுன். இல்லாவிட்டால் வியாசர்பாடி, வியாசர்ப்பாடி, வ்யாசர்பாடி என்று ஒரே ஊர் மூன்று ஊராகிவிடும், பிறகு எண்ணும்போது அழவேண்டும். எண் மட்டும் வரவேண்டிய கட்டத்தில் டேட்டா வேலிடேஷன் போட்டு எண்ணைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி வையுங்கள். "900 ரூ" என்று எழுதினால் ஷீட்ஸ் அதை எண்ணாக எடுக்காது, சராசரி போடும்போது சத்தமே இல்லாமல் விட்டுவிடும், விடை தப்பாக வரும், ஏன் என்று தெரியாது.

லிங்க் கொடுக்கும்போது ஷேர் பொத்தானில் வியூவர் (பார்க்க மட்டும்), கமென்ட்டர் (கருத்துச் சொல்ல), எடிட்டர் (மாற்றி எழுத) என்று மூன்று உண்டு. வேலை நடக்கும் நாட்களில் மட்டும் எடிட்டர், முடிந்ததும் வியூவர். இதை மறந்துவிட்டு லிங்க்கைத் திறந்தே போட்டுவைத்தால் ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவரின் தம்பி வந்து விளையாடியிருப்பான். ஆளுக்கொரு தனி நகல் வேண்டுமென்றால் லிங்க்கின் கடைசியில் எடிட் என்று ஆங்கிலத்தில் இருப்பதிலிருந்து மீதியை அழித்துவிட்டு அங்கே காப்பி என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு அனுப்புங்கள், திறக்கும் ஒவ்வொருவரிடமும் நகல் எடுக்கட்டுமா என்று கேட்கும். ஷீட்டில் எழுதவே பயப்படும் பிள்ளைகள் இருந்தால் முதல் வாரம் கூகுள் ஃபார்ம் போதும், அது பிரவுசரிலேயே திறக்கும், ஃபோட்டோ ஏற்றச் சொல்லாதவரை, கணக்கைக் கட்டாயமாக்காதவரை, உள்நுழையவும் வேண்டாம். பதில்கள் ஷீட்டில் போய்ச் சேரும், அந்த ஷீட்டை வகுப்பில் போட்டுக்காட்டலாம்.

லேப் கம்ப்யூட்டரில் உங்கள் சொந்தக் கணக்கில் நுழையாதீர்கள். நான் நுழைந்து, வெளியே வராமல் போய், அடுத்த பீரியட் வந்த ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுக் கேள்வித்தாளின் வரைவைப் பார்த்துவிட்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேறு தாள் எடுத்தேன். வகுப்புக்கென்றே தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுவது பெரிய தடை என்பார்கள். போனில் ஜிபோர்டு என்ற விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துவிட்டால் மைக்கை அமுக்கிப் பேசினாலே எழுதிக்கொள்ளும், விரலால் கிறுக்கினாலும் எடுத்துக்கொள்ளும், ஆங்கில எழுத்தில் அடித்தாலும் தமிழாக்கும். லேபில் தமிழ்99 பழக்கினால் நல்லது, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த விசைப்பலகை அது, உயிரும் மெய்யும் இருக்கும் ஒழுங்கு புரிந்துவிட்டால் பிள்ளைகள் நம்மைவிட வேகமாக அடிப்பார்கள். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிவந்ததை மட்டும் ஒட்டவிடாதீர்கள், யூனிகோட் இல்லாததால் ஷீட்டில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் விழும்.

காசிமேட்டு விலை

மூன்றாவது வேலையாக மீன் விலை எடுத்தோம். கணக்கில் சராசரி, இடைநிலை அளவு (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்) வருகிறது, அதற்குத்தான். வஞ்சிரம், சங்கரா, மத்தி, நெத்திலி என்று நாலு மீன், நாலு வாரம், மீன் வாங்கும் நாளில் வீட்டில் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று எழுத வேண்டும். சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் நாளே ஷீட்டில் சண்டை. ஒரே காலையில் ஒரே வஞ்சிரத்துக்கு மூன்று விலை. ஒருவன் அடுத்தவன் எண்ணின் மேல் "பொய்" என்று கமென்ட் போட்டான், அவன் "உங்கப்பன் ஏமாந்துட்டாரு" என்று பதில் போட்டான். நான் தலையிடலாமா என்று யோசித்து, ஒரு நாள் பொறுத்தேன். துறைமுகத்தில் ஏலம் எடுத்த விலை ஒன்று, மார்க்கெட்டில் கடை போட்டு விற்ற விலை ஒன்று, கூடையில் வைத்துத் தெருவுக்கு வந்து விற்ற விலை ஒன்று என்று அவர்களே பேசிக் கண்டுபிடித்தார்கள். எங்கே, எத்தனை மணிக்கு என்று இரண்டு பத்தி கூடியது. பத்தியைச் சேர்க்கச் சொன்னது நான் இல்லை என்பதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன்.

அதற்கும் மேல் ஒரு பிரச்சினை, மத்தியையும் நெத்திலியையும் யாரும் கிலோவில் வாங்கவில்லை, கூறு கணக்கு. கூறு 100 ரூபாய் என்றால் கிலோ என்ன? பின் பெஞ்சில் உட்கார்ந்து அதிகம் வாயே திறக்காத ஒரு பெண், அவள் அம்மா தண்டையார்பேட்டைப் பக்கம் தெருவில் மீன் விற்பவர், எழுந்து, "கூறு வெல ஏறாது மிஸ். வரத்து கொறஞ்சா கூறு சின்னதாவும்" என்றாள். வகுப்பு ஒரு நொடி அமைதியாகிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் முழுக்க அவள்தான் எங்களுக்கு வாத்தியார், அம்மாவின் கூறுகளைத் தராசில் வைத்து கிராமில் எழுதினாள், விலை அதே 100 ரூபாயாக நிற்க, எடை ஏறி இறங்குவதை ஷீட்டில் கோடாக வரைந்தோம். அதே வாரம் யாரோ 900-க்குப் பதிலாக 9000 என்று அடித்துவிட, சராசரி எங்கேயோ போய்விட்டது, இடைநிலை அளவு அசையவே இல்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் போர்டில் எழுதிய எந்த விளக்கமும் அந்த ஒரு சுழிக்கு ஈடாகாது.

கமென்ட் போடக் கற்றுக்கொடுப்பது

இதைக் கற்றுக்கொடுக்காவிட்டால் "சூப்பர்", "செம", "பொய்" மூன்றும்தான் வரும். எங்கள் வழக்கம்: கமென்ட் என்றால் அது கேள்வியாக இருக்க வேண்டும், அல்லது ஆதாரம் இருக்க வேண்டும். ஏரியா வரலாற்றுக்கு ஒரு காலவரிசை போட்டபோது ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஒருவன் 1856 ஜூன் 28 என்றான், இன்னொருத்தி ஜூலை 1 என்றாள். "தப்பு" என்று எழுதாமல் "நீ இதை எங்கே பார்த்தாய்?" என்று எழுதச் சொன்னேன். தேடிப் பார்த்தால் இரண்டும் சரி, திறப்பு விழா ஜூன் 28, வாலாஜா ரோடு வரைக்கும் பொதுமக்களுக்கு ரயில் விட்டது ஜூலை 1. அதே பட்டியலில் 1918-ல் பின்னி மில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய மெட்ராஸ் தொழிற்சங்கம், 1955-ல் வந்த ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது எல்லாம் வந்தன. கடைசியில் சொன்னதற்கு மட்டும் ஏழு பிள்ளைகள் சொந்த அனுபவம் எழுதியிருந்தார்கள், மாமாவின் வலை வீணானது, படகின் அடியில் ஒட்டிய கறுப்பைச் சுரண்டியது என்று. புத்தகத்தில் படித்ததும் வீட்டில் நடந்ததும் ஒரே ஷீட்டில் அடுத்தடுத்த வரிசையில் வந்தது அன்றைக்குத்தான்.

மதிப்பெண்ணுக்கு வெர்ஷன் ஹிஸ்டரியை மட்டும் நம்பாதீர்கள், மேலே சொன்ன மொபைல் கடை ஞாபகம் இருக்கட்டும். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று எழுத்தை எண்ணுவதும் வேண்டாம். நான் ஒவ்வொருவரிடமும் "உன் வரிசைக்கு மேலே இருக்கிறவன் என்ன எழுதியிருக்கான், அதுல உனக்கு என்ன சந்தேகம்?" என்று ஒரே கேள்வி வாயால் கேட்கிறேன். ஷீட்டைத் திறந்தே பார்க்காதவன் அங்கேயே மாட்டிக்கொள்வான்.

வேறு சில

படமும் சின்னச் சின்னக் குறிப்பும் ஒட்டும் வேலைக்கு பேட்லெட் அழகாக இருக்கும், சொல் சேகரிப்பை அதில்தான் செய்தோம், பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டாம். இலவசத்தில் சில போர்டுகள்தான் கிடைக்கும், பழையதை அழித்து அழித்துத்தான் ஓட்ட வேண்டும். நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே பதிவு வெளியே தெரியும்படி வைக்க வழி இருக்கிறது, அதைக் கட்டாயம் போடுங்கள். ஈதர்பேட் என்று திறந்த மூல மென்பொருள் ஒன்று, ஆளுக்கொரு நிறத்தில் எழுத்து வரும், லேபில் கதை எழுத ரொம்ப நல்லது. வரைவதற்கு எக்ஸ்காலிட்ரா. கஹூட் என்ற வினாடி வினா ஆப் ஜாலியாக இருக்கும், ஆனால் அது போட்டி, கூட்டு வேலை இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதில் செய்தாலும் மாதக் கடைசியில் பிடிஎஃப்பாக இறக்கி பென் டிரைவில் வையுங்கள். கூகுளின் ஜாம்போர்டு என்ற வெள்ளைப்பலகை ஆப் 2024 டிசம்பர் 31-ஓடு நின்றது, ஃபிளிப் என்ற வீடியோ ஆப்பும் அதே வருஷம் தனி ஆப்பாக இல்லாமல் போனது. இன்றைக்கு இருப்பது நாளைக்கு இருக்குமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் யாரும் இல்லை.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். ஷீட்டில் தெருப் பெயர் வரை போதும், கதவு எண் கூடாது, போன் எண் கூடவே கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும், பெண் பிள்ளைகளின் வீட்டில் இதனாலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், சொல்வதும் சரிதான். லிங்க்கை போர்டில் கியூஆர் கோடாகக் காகிதத்தில் ஒட்டிவிடுங்கள், பெற்றோரோடு வரும்போது ஸ்கேன் செய்துகொள்ளட்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் ஃபோட்டோவைத் திறந்த லிங்க்கில் போடாதீர்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லாரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது, பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது, அதனால் வருஷத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் என்ன செய்யப்போகிறோம் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

போன ஏப்ரலில் பரீட்சை முடிந்த அன்று வழக்கம்போல மீன் ஷீட்டை வியூவருக்கு மாற்றப் போனேன். "மூடாதீங்க மிஸ்" என்று நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், கூறு எவ்வளவு சின்னதாகிறது என்று பார்க்க வேண்டுமாம். பழைய பக்கங்களைப் பூட்டிவிட்டு, "தடைக்காலம்" என்று ஒரு புதுப் பக்கம் மட்டும் திறந்துவைத்தேன், தேதி, மீன், கூறின் எடை, அவ்வளவுதான். பின் பெஞ்சுப் பெண்ணிடம் தராசு இருக்கிறது, அதனால் அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு அவள் என்று மற்றவர்களே முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.